தலைப்பாவுக்குக் கீழே

கதிர்காமநாதனின் கை ஓங்கியபடி நிற்க, போன கிழமை நாம் நிறுத்தியிருந்தோம். அந்தக் கை சும்மா இறங்கவில்லை.

மகள் ரூபிகாவின் கன்னத்தில் விழுந்த அடி குசினி வரைக்கும் கேட்டது. பலகாரம் அடுக்கிக்கொண்டிருந்த சொந்தக்காரப் பெண்கள் சட்டென்று வாயை மூடினார்கள். பிறகு ஒன்றுமே நடக்காதது போலத் தட்டுகளை அளவுக்கு மீறிய சத்தத்தோடு அடுக்கினார்கள். கலியாண வீட்டில் காது கேளாமல் போவதும் ஒரு மரியாதைதான்.

கலியாணச் சடங்காகப் பாலும் அறுகும் தலையில் வைத்து முழுகிய ஈரத்தோடு, வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி சயந்தன் வாசலில் நின்றான். இன்றைய மாப்பிள்ளை அவன். அடி வாங்கியவள் அவனுடைய ஒரே தங்கச்சி. முப்பத்தொரு வயது ஆண்பிள்ளையின் வாயிலிருந்து ஒரு சொல்லாவது வந்திருக்க வேண்டும். வரவில்லை. அப்பாவின் முன்னால் அவனுக்கு அது எப்போதும் வந்ததில்லை.

"இண்டைக்கு என்ர மகன் ராசா மாதிரி வரவேணும்," என்றார் கதிர்காமநாதன். அடித்த களைப்பில் மூச்சு வாங்கியது. "மோட்டார் சைக்கிளில பீட்சா கொண்டு வாறவன் மாதிரி இல்லை. சம்மந்தி நாகேந்திரம் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லி வச்சிருக்கிறார், மாப்பிள்ளை வெள்ளைக் குதிரையில வாறார் எண்டு. நீ அவன்ர தலையில சட்டியைக் கவிழ்க்கப் பாக்கிறாய்."

"சட்டி இல்லையப்பா." ரூபிகா கன்னத்தைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "என்ர முதல் ஹெல்மெட் ரெண்டாப் பிளந்தது. அதாலதான் என்ர மண்டை பிளக்கேல்லை. அண்ணா சீவியத்தில ஒருநாளும் குதிரையில ஏறினதில்லை. அந்தக் குதிரை முந்தி ரேஸ் ஓடினது. சத்தம் கேட்டால் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியும்."

அவளுக்குத் தெரியும் என்பதுதான் அப்பாவுக்குப் பிடிக்காத சங்கதி. படித்த கணக்கியலை மூட்டை கட்டிவிட்டு, ஊர்ப் பிள்ளைகளுக்குக் குதிரையேற்றம் சொல்லிக் கொடுக்கப் போனவள் ரூபிகா. இறைவரித் திணைக்களத்தில் இருந்து ஓய்வுபெற்ற மனுசனுக்கு அந்த அவமானம் இன்னும் ஆறவில்லை. கொட்டாஞ்சேனை இரும்புக்கடை நாகேந்திரம் தன் ஒரே மகள் கௌசிகாவின் மாப்பிள்ளைக்குக் குதிரை பிடித்தபோது, வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் அவள்தான். யாரும் கேட்கவில்லை. ஏறுவதென்றால் ஹெல்மெட்டோடு ஏறட்டும் என்று, தான் வேலை செய்யும் இடத்தில் அண்ணனுக்கும் ஒன்று இரவல் வாங்கி வந்தாள். அவளுடையது ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. இரண்டும் மேசையில் பூமாலைகளுக்குப் பக்கத்தில் கறுப்பாக இருந்தன.

கதிர்காமநாதனின் கண் அங்கே போனது. ஒன்றை எடுத்தார். பல்கனிக்குப் போனார். நாலாம் மாடியில் இருந்து அதை ஓங்கி எறிந்தார்.

கீழே சீமெந்து முற்றத்தில் அது விழுந்த சத்தத்துக்கு அடுத்த வீட்டு நாய் குரைத்தது.

மற்றதற்கும் கை நீட்டியவரின் குறுக்கே போய் நின்றது ஜெகதீஸ்வரி. முப்பத்திரண்டு வருடக் குடும்ப வாழ்க்கையில் அவர் புருசனுக்குக் குறுக்கே நின்றது அதுதான் முதல் தடவை.

"இதை எறியிறதெண்டால் என்னையும் சேத்து எறியுங்கோ," என்றார் அமைதியாக.

கதிர்காமநாதன் மனைவியைப் பார்த்தார். பிறகு, கீழே வந்து நின்ற வான்களைக் கவனிக்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படியிறங்கிப் போனார்.

ரூபிகா ஓடிப்போய் விழுந்ததை எடுத்து வந்தாள். ஜெகதீஸ்வரி அதைச் சீலைத் தலைப்பால் துடைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒரு கீறலும் இல்லைப் பிள்ளை. பிள்ளையார் காப்பாத்திப்போட்டார்."

"இது முடிஞ்சுதம்மா," என்றாள் ரூபிகா. "வெளியில ஒண்டும் தெரியாது. உள்ளுக்க நொறுங்கியிருக்கும். ஒருக்கா இப்பிடி அடி வாங்கினதைப் பிறகு ஒருத்தரும் போடக்கூடாது." அதைச் செருப்பு ராக்கைக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்தாள். மேசையில் இருந்த மற்றதை எடுத்து அண்ணனின் தலையில் வைத்தாள். அது அவளுடையது.

"அப்ப உனக்கு?" என்றான் சயந்தன்.

"நான் நிலத்திலதானே நிக்கப் போறன். மேல இருந்து விழுறவனுக்குத்தான் இது வேணும்."

பட்டியை நாடிக்குக் கீழே இழுத்துப் பூட்டினாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. கன்னத்தில் நாலு விரல் தடமும் சிவந்து எழும்பியிருந்தது. மன்னிப்புக் கேட்க அவனுக்கு ஆசையாக இருந்தது. பிறகு கேட்கலாம் என்று விட்டுவிட்டான்.

அலங்காரக்காரர் கொண்டுவந்த ரெடிமேட் தலைப்பா ஹெல்மெட்டின் மேல் ஏறவில்லை. ஜெகதீஸ்வரி அலுமாரியின் அடியில் இருந்து ஒரு நீளப் பட்டுச் சால்வையை இழுத்தெடுத்தார். கதிர்காமநாதன் தன் கலியாணத்துக்குப் போட்ட சால்வை அது, இன்னும் கற்பூர வாசம் போகவில்லை. தாயும் மகளுமாக அதை ஹெல்மெட்டின் மேல் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். ஊசி குத்தினார்கள். முன்னால் பதக்கத்தைச் செருகினார்கள். கண்ணாடியில் பார்த்தால் மாப்பிள்ளை கொஞ்சம் தலை பருத்தவனாகத் தெரிந்தான், அவ்வளவுதான். பார்த்த சித்தப்பா ஒருவர் பூசணிக்காய் என்று சொல்லிச் சிரித்தார். மாப்பிள்ளை இறங்கி வந்ததும் கீழே நின்ற கதிர்காமநாதனுக்கு விளங்கிவிட்டது, தலைப்பாவுக்குள் என்ன இருக்கிறதென்று. ஆனால் சுற்றிவர ஆட்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார்.

கொட்டாஞ்சேனையில் இருந்து லொறியில் குதிரையைக் கொண்டுவந்த றேமண்ட், கடலோரத்து மரைன் டிரைவில் அதைத் தடவியபடி நின்றான். குதிரைக்குப் பெயர் றோசி. நெற்றியில் சரிகைப் பட்டி, கழுத்தில் மல்லிகை மாலை. வெயிலில் அது வெள்ளை வெளேர் என்று நின்றது. காதுகள் மட்டும் ஓயாமல் முன்னும் பின்னும் திரும்பின.

சேலை உடுத்துக் கூறைத்தட்டோடு தோழியாக வரவேண்டிய ரூபிகா, தட்டை அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுக் கடிவாளத்தைப் பிடித்தாள். நாதஸ்வரக்காரரையும் தவில்காரரையும் தூரமாக முன்னால் அனுப்பினாள். பிறகு அப்பாவிடம் போனாள். அடித்த மனுசனிடம் அதே காலையில் போய்க் கதைக்க எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று சயந்தன் குதிரையின் மேலே இருந்து நினைத்தான்.

"அப்பா, வெடி மட்டும் வேண்டாம். அது ஒண்டைத்தான் கேக்கிறன்."

"சரி சரி, போ," என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

ஊர்வலம் நகர்ந்தது. ஒரு பக்கம் தண்டவாளமும் அதற்கு அப்பால் கருங்கற்களும் கடலும். மறுபக்கம் பல்கனிகளில் இருந்து ஆட்கள் போனை நீட்டிப் படம் எடுத்தார்கள். சயந்தன் சேணத்தின் முன் விளிம்பை இறுகப் பிடித்திருந்தான். றோசி தலையை ஆட்டும்போதெல்லாம் ரூபிகா ஏதோ முணுமுணுத்தாள், அது அடங்கியது. ஒருதடவை நிமிர்ந்து அண்ணனைப் பார்த்துச் சிரித்தாள். வீங்கிய கன்னத்தால் அந்தச் சிரிப்பு ஒரு பக்கம்தான் வந்தது.

மண்டப வாசலில் நாகேந்திரம் தன் ஆட்களோடு நின்றார். ஆள் பெரியவர், குரல் அதைவிடப் பெரியது.

"என்ன சம்மந்தி, மாப்பிள்ளை பகுதியில ஒரு சத்தத்தையும் காணேல்லை?" என்றார் எல்லோருக்கும் கேட்க. "செத்தவீட்டுக்கே எங்கட சனம் வெடி கொளுத்துது. கலியாணவீட்டுக்கு இல்லையோ?"

கொட்டாஞ்சேனையில் இருந்து வந்த பெண் வீட்டார் எல்லோரும் சிரித்தார்கள்.

கதிர்காமநாதனின் முகம் கறுத்தது. அந்த முகத்தைக் குதிரையின் மேலே இருந்து சயந்தன் பார்த்தான். காலையில் கை ஓங்கும்போது இருந்த அதே முகம். அவர் ஊர்வலத்தோடு வந்த காரின் பின்பக்கத்தைத் திறந்தார். புறக்கோட்டையில் வாங்கி ஒளித்து வைத்திருந்த சீனவெடி மாலையை எடுத்தார். வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. மதில் ஓரமாகப் போட்டுத் தானே குனிந்து நெருப்பு வைத்தார்.

"அப்பா, வேண்டாம்," என்று ரூபிகா கத்தியது பாதிதான் கேட்டது.

முதல் வெடிக்கே றோசி பின்னங்கால்களில் எழுந்து நின்றது. சயந்தனின் கண்ணுக்கு முன்னால் கடல் சாய்ந்தது. பல்கனிகள் சாய்ந்தன. பிடித்திருந்த சேணம் கையைவிட்டுப் போனது. வீதியோரக் கல்லில் அவனுடைய தலைதான் முதலில் இறங்கியது.

தேங்காய் உடைந்தது போல ஒரு சத்தம். அது தன் மண்டைதான் என்று நினைத்தான். செத்துப் போவதற்கு இவ்வளவு நேரம் எடுக்குமா என்றும் நினைத்தான். பிறகுதான், நினைத்துக்கொண்டு இருப்பதே உயிரோடு இருப்பதால்தான் என்று விளங்கியது.

கிடந்த இடத்தில் இருந்து பார்த்தான். புகைக்குள் குதிரையின் கால்கள். தாறுமாறாக ஓடும் செருப்புகள். கூறைத்தட்டை மார்போடு அணைத்தபடி, எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் குதிரைக்கு நேர் முன்னால் உறைந்து நிற்கும் அம்மா.

"விட்டுடுங்க மிஸ், வாரை விட்டுடுங்க," என்று றேமண்ட் அலறினான்.

ரூபிகா விடவில்லை. விட்டால் றோசி அம்மாவின் மேலால்தான் போகும். வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, சேலை கிழிய, முழங்கால் தாரில் உரசி இரத்தம் வர, அந்தப் பெரிய தலையைக் கடல் பக்கமாக இழுத்துத் திருப்பினாள். ஜெகதீஸ்வரி பின்னால் விழுந்தார். கூறைத்தட்டு வீதியில் சிதறியது. றோசி சுழன்றது. வார் அறுந்தது. பின்னங்கால் ஒரே ஒரு தடவை உதைத்தது.

அந்தக் குளம்பு தங்கச்சியின் காதுக்கு மேலே பட்டதைச் சயந்தன் கண்ணால் கண்டான். அவள் கத்தவில்லை. நின்ற இடத்திலேயே மடிந்து விழுந்தாள்.

குதிரை தண்டவாளத்தைத் தாண்டிக் கருங்கற்களுக்குள் போய் விழுந்தது. கால் முறிந்திருக்க வேண்டும். அது போட்ட ஓலம் கடல் இரைச்சலையும் மீறிக் கேட்டது. வெடிமாலை இன்னும் முடியவில்லை. அது தன்பாட்டில் படபடவென்று வெடித்துக்கொண்டே இருந்தது.

சயந்தன் தவழ்ந்துதான் போனான். ரூபிகாவின் முடிக்குள் இருந்து இரத்தம் வழிந்து, காலையில் அடி விழுந்த கன்னத்தை மூடியிருந்தது. கண்கள் பாதி திறந்திருந்தன. அவை எதையும் பார்க்கவில்லை.

அப்போதுதான் அவனுக்கு ஒரு படம் ஞாபகம் வந்தது. வேலை செய்யும் இடத்தில் ஒரு சின்னக் குதிரையைப் பிடித்தபடி ரூபிகா எடுத்து அனுப்பிய படம். அதில் அவள் நிலத்தில்தான் நின்றாள், தலையில் ஹெல்மெட்டோடு. நிலத்தில் நிற்பவளுக்குத் தேவையில்லை என்று அவள் சொன்னது பொய். இருந்தது ஒன்று. அதை அண்ணனுக்குக் கொடுப்பதற்காகச் சொன்ன பொய்.

ஊசிகளைப் பிய்த்துத் தலைப்பாவை உருவினான். தாலி கட்டி முடியும்வரை மாப்பிள்ளை தலைப்பாவைக் கழற்றக்கூடாது என்று பின்னால் யாரோ பதறினார்கள். அவன் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தான். அவிழ அவிழக் கறுப்பு ஹெல்மெட் வெளியே வந்தது. முன்னிருந்து பின்வரைக்கும் பிளந்திருந்தது. அப்பாவின் கலியாணச் சால்வையைத் தங்கச்சியின் தலையில் இறுக்கிக் கட்டினான். மெல்லிய பட்டு அவ்வளவு இரத்தத்தைத் தாங்கவில்லை. வழிந்துகொண்டே இருந்தது.

பக்கத்தில் வேறொரு சத்தம். நிமிர்ந்து பார்த்தான்.

கதிர்காமநாதன் றேமண்டின் கழுத்துச் சட்டையைப் பிடித்து, அவனுடைய தலையை மண்டபத்து இரும்பு கேற்றில் மோதிக்கொண்டிருந்தார். பெண் வீட்டு ஆட்கள் இரண்டு பேர் அவனுடைய கைகளைப் பிடித்துக் கொடுத்தார்கள். "உன்ர குதிரை, உன்ர குதிரை," என்று ஒவ்வொரு மோதலுக்கும் சொன்னார். றேமண்டின் மூக்கு உடைந்து சட்டை முழுக்கச் சிவந்திருந்தது. அவன் தடுக்கக்கூட முயலவில்லை. கடல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். அங்கே றோசி இன்னும் ஓலமிட்டது.

சயந்தன் எழுந்து போய் அப்பாவின் நெஞ்சில் கை வைத்துத் தள்ளினான். தன் கையில் இவ்வளவு பலம் இருந்தது அவனுக்கே தெரியாது. கதிர்காமநாதன் வெடிக் காகிதங்களுக்குள் குண்டியடிபட விழுந்தார்.

"வெடி கொளுத்தினது நீங்கள்," என்றான். "அவன் இல்லை. குதிரையும் இல்லை. நீங்கள்."

முப்பத்தொரு வருடமாக வராத குரல் வந்தது. வந்து என்ன, காலையில் வந்திருக்க வேண்டும்.

வான்காரன் கதவைத் திறந்து, "இக்மனட்ட, இக்மனட்ட," என்று சிங்களத்தில் அவசரப்படுத்திச் சனத்தை விலக்கினான். ரூபிகாவைத் தூக்கி உள்ளே கிடத்தினார்கள். ஜெகதீஸ்வரி ஏறி மகளின் தலையை மடியில் வைத்துக்கொண்டார். சயந்தன் காலை வைத்தபோது நாகேந்திரத்தின் கை அவனுடைய தோளைப் பிடித்தது.

"தம்பி, அவவை மற்ற ஆக்கள் கொண்டுபோவினம். முகூர்த்தம் தவறப் போகுது. உள்ளுக்க வாரும்."

"மாமா, கையை எடுங்கோ."

"இப்ப போனீரெண்டால் போனதுதான். பிறகு என்ர வாசலுக்கு வரக்கூடாது."

மண்டபப் படியில் கௌசிகா நின்றாள். சத்தம் கேட்டு மணக்கோலத்தில் வெளியே வந்தவளை யாரும் கவனிக்கவில்லை. அவள் சயந்தனைப் பார்த்தாள். தகப்பனைப் பார்த்தாள். பிறகு படியிறங்கி வந்து, வீதியில் சிதறிக் கிடந்த கூறைச்சேலையைக் குனிந்து எடுத்துத் தூசு தட்டினாள். தட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கச் சயந்தனுக்கு நேரம் இருக்கவில்லை. வான் கதவு மூடியது.

ஆஸ்பத்திரியில் ரூபிகாவை நேரே சத்திரசிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மண்டைக்குள் இரத்தம் கசிகிறது, திறந்து பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் டொக்டர். சயந்தனின் கையில் இருந்த பிளந்த ஹெல்மெட்டை வாங்கிப் பார்த்தார்.

"இதைப் போட்டிருந்தது ஆர்?"

"நான்."

டொக்டர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பட்டுவேட்டி, வெறும் கால், நெற்றியில் ஒரு சின்ன வீக்கம். திருப்பிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சுவரோரத்து மரவாங்கில் ஜெகதீஸ்வரி மகளின் வளையல்களைக் கையில் பொத்தியபடி இருந்தார். சேலையில் இரத்தம் காய்ந்து விறைத்துக் கிடந்தது. சயந்தனின் போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்க்கும் தைரியம் அவனுக்கு இல்லை. தங்கச்சி எழும்பினால் முதலில் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது. எழும்புவாளா என்ற கேள்வியை அவன் கிட்டவே விடவில்லை.

நடையின் முனையில் கதிர்காமநாதன் வந்தார்.

வேட்டியெல்லாம் வெடிப் புகையின் கரி. நேரே ஆஸ்பத்திரிக்கு வராமல் அவர் வீட்டுக்குப் போய்விட்டு வந்திருந்தார். ஏன் என்று கையில் இருந்ததைப் பார்த்ததும் தெரிந்தது. செருப்பு ராக்கைக்குப் பக்கத்தில் கிடந்த மற்ற ஹெல்மெட். வழியெல்லாம் துடைத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும், பளபளவென்று மின்னியது.

ஜெகதீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். கதிர்காமநாதன் மகனின் முன்னால் வந்து நின்றார். அதிகாரம் எல்லாம் எங்கேயோ இறங்கிப் போயிருந்தது.

"தம்பி, இஞ்ச பார்," என்றார். "இதில ஒண்டும் இல்லை. ஒரு கீறல்கூட இல்லை. இது நல்லாத்தானே இருக்கு. இதை அவ போட்டிருக்கலாம்தானே? போட்டிருந்தால் காப்பாத்தியிருக்கும்தானே? ஓம் எண்டு சொல்லு தம்பி."

ஓம் என்று சொல்வது சுலபம். இவ்வளவு காலமும் அதைத்தானே சொல்லி வந்தான்.

சயந்தன் ஹெல்மெட்டை வாங்கினான். கவிழ்த்து, உள்ளே இருந்த துணியை விலக்கி, அதன் கீழ் இருந்த தடித்த வெள்ளை நுரையில் பெருவிரலை வைத்து அழுத்தினான். அது இரண்டாகப் பிரிந்தது. ஒரு துண்டு கழன்று நிலத்தில் விழுந்தது.

இருவரும் அதைப் பார்த்தார்கள்.

"அவ சொன்னவ அப்பா," என்றான் சயந்தன்.

உள்ளே கதவு திறந்தது. பச்சை உடுப்போடு ஒரு தாதி எட்டிப் பார்த்தாள். "ரூபிகாவின்ர அப்பா ஆர்?" என்று கேட்டாள்.

கதிர்காமநாதன் குனிந்து அந்த வெள்ளைத் துண்டைப் பொறுக்கினார். ஹெல்மெட்டுக்குள் அது இருந்த இடத்தில் பொருத்தி வைத்தார். அது நிற்கவில்லை. மறுபடியும் வைத்தார். தாதி இரண்டாம் தரமும் கேட்டாள். அவர் அந்தத் துண்டைப் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றார்.